மூன்றா, நான்கா

மூன்று சுற்று என்றால் மூன்று மருந்து.
நான்கு சுற்று என்றால் இரண்டு.
டாக்டர் ஜெசிந்தா ஸ்கேன் உறையின் மேல்
இரண்டு கோடு கிழித்துக் காட்டினார்:
"ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் போவுது.
வழிச்செலவுதான் வேற."

முதல் கோட்டில் அந்த மூன்றாவது மருந்து
நுரையீரலில் கை வைக்கலாம், நூற்றில் சிலருக்கு.
அடுத்ததில் பிளாட்டினம் ஒரு சுற்று கூடுதல்.
விரல்நுனி மரத்துப்போகலாம்,
காதுக்குள் ஒரு விசில் வந்து குடியேறலாம்.
"என்ன வேலை பாக்குறீங்க?"

மோட்டார் காயில் கட்டுகிறேன்.
கொரடாச்சேரி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
கருகிய செம்பை உருவிப்போட்டுப்
புதுக் கம்பி சுற்றும்போது
நான் எண்ணுவதில்லை, விரல் எண்ணும்.
ஓடவிட்டுக் காது கொடுத்தால்
பேரிங் எந்தப் பக்கம் தேய்ந்ததென்று தெரிந்துவிடும்.

தண்ணீர் வந்த மறுவாரம்
வெட்டாற்றில் மூச்சடக்கி இறங்கி
ஃபுட்வால்வைச் சுற்றிய ஆகாயத்தாமரையை
அறுத்துவிட்டு வருவதும் நான்தான்.
அதை முதலில் சொல்லவில்லை.
கதவு வரை போய், திரும்பி வந்து சொன்னேன்.
"ஆழமா?"
"ரெண்டு ஆள் இருக்கும்."
மூடிய பேனாவைத் திறந்தார்.
எதுவும் எழுதவில்லை.
"பீடி, சிகரெட்?"
செங்கமலம் பக்கத்தில் இருந்தாள்.
இல்லை என்றேன்.

பாசஞ்சர் ரயிலில்
சாலியமங்கலம் தாண்டும்வரை அவள் பேசவில்லை.
பிறகு விரல்விட்டாள்.
மூவிருபத்தொண்ணு அறுபத்துமூணு நாள்.
நாலிருபத்தொண்ணு எம்பத்துநாலு.
"குறுவையே நூத்தஞ்சு நாளாச்சே,
ரெண்டுமே அறுப்புக்கு முன்னாடி முடிஞ்சிடும்"
என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்,
யாரோ ஒருவர் வயலைப் பற்றிச் சொல்வதுபோல்.

எங்கள் பக்கம் விதைநெல்லை விரை என்போம்.
விரை விட்டாச்சா, விரைக்கு எத்தனை மரக்கால்.
ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் தாளில்
'வலது விரை' என்று அச்சடித்திருந்ததைக் கண்டு
சிரித்துவிட்டேன்.
நர்ஸ் முறைத்தது.

மிச்சமிருப்பதிலிருந்து
மருந்து ஏறுமுன் கொஞ்சம் சேமித்துவைக்கத் திருச்சி போனோம்.
பூட்டிய அறை, பிளாஸ்டிக் டப்பா,
சுவர்க் காலண்டரில் பனிமலை.
வருடத்துக்கு இவ்வளவு என்று வாடகை.
கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு ஈரம் பார்ப்பார்கள்,
அதிகமென்றால் திருப்பி அனுப்புவார்கள்.
இங்கே பெயரை மட்டும்
மூன்று தடவை கேட்டு எழுதிக்கொண்டார்கள்.
வெளியே பெஞ்சில் செங்கமலம்
இரண்டு டீ வாங்கி வைத்திருந்தாள்.
ஒன்றில் ஆடை படிந்திருந்தது.

ராத்திரி சிமெண்ட் தொட்டியில்
முகத்தை அமுக்கிப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு...
முதுகில் ஒரு கை ஓங்கி அறைந்தது.
"என்ன பண்றே? சாவப் பாக்குறியா?"
எண்ணிப் பார்க்கிறேன் என்றேன்.
அவளுக்குக் கோபம் அடங்க நேரமானது.
எனக்கு மூச்சு அடங்கவும்.

காலையில் டாக்டருக்கு போன் போட்டேன்.
மூன்று.
ஆற்றில் இறங்க வேறு ஆள் கிடைக்கும்.
காயில் கட்ட இந்தக் கைதான்.
"சரி" என்றார். நான் வைக்கவில்லை.
"மேடம், பீடி உண்டு."
"எத்தனை வருஷம்?"
"பதினொண்ணு. இப்ப விட்டுட்டேன்."
"எப்ப?"
"செவ்வாக்கிழம."
அந்தப் பக்கம்
ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது,
பேரிங் போகப்போகிற ஃபேன்.
"அப்ப நாலு" என்றார்.

திங்கட்கிழமை அட்மிஷன்.
பட்டறையில் எரிந்த மோட்டார் ஐந்து கிடக்கிறது.
ஒன்றைத் திறந்து, கண்ணை மூடிச் சுற்றி,
விரல் நின்ற இடத்தில் நிறுத்தி,
சுற்றியதைப் பிரித்து வாயால் எண்ணினேன்.
மூணு எச்.பி., இருபத்துநாலு துளை,
துளைக்கு நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
ஸ்கேன் உறையில்
இரண்டு கோட்டுக்கும் கீழே
எழுதிவைத்தேன்.