பத்தொன்பதாவது புள்ளி

குவெல்ஃப். வெளியே மைனஸ் இருபத்தாறு.
இருபத்தைந்து மாதிரி, மாதிரிக்கு ஐந்து வளையம்.
சராசரி வீச்சை 0.577ஆல் பெருக்கி
நடுக்கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று இழுத்தேன்.
வாடிக்கையாளன் கேட்கும் எல்லை வேறு.
இது மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்வது.

பத்தொன்பதாவது வெளியே நின்றது.
விடியப்புறம் மூன்று பத்து, ரொடெலின் ஷிஃப்ட்.
காரணம் தெரிந்தால்தான் நீக்கலாம்.
கேட்டேன்.
லோடிங் கதவடியில் நின்று கதைத்தானாம்,
இலோயிலோவில் தங்கைக்குப் பிரசவம்,
கதவைச் சாத்த மறந்து போனானாம்.
பெண்பிள்ளை, என்றான்.
இரும்பு குளிர்ந்து நாலு மைக்ரான் சுருங்கியிருக்கிறது.

"கதவு திறந்திருந்தது" என்று மட்டும் எழுதினேன்.
பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

நீக்கினேன். மிச்சம் இருபத்துநாலு. திரும்பவும் கணக்கு.
கோடுகள் இரண்டும் கிட்ட வந்தன.
இவ்வளவு நேரமும் உள்ளே இருந்த ஏழாவது
இப்போது வெளியே.

செவ்வாய், இரவு பதினொன்றரை.
அளந்தவர்: நிரூபா.
நான்தான்.
அன்றைக்கு என்ன நடந்தது என்று
எனக்குத் தெரியாமலில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா வைத்த இடத்தில்
நீலமாக ஒரு பொட்டு
ஊறிக்கொண்டே இருக்கிறது.