எண்பலகை

ஹீயுமாத் தீவுக் கோயிலில் எண்பலகை என் பொறுப்பு.
ஆறு நாள் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பேன்,
ஏழாம் நாள் கறுப்புப் பலகையில்
பாட்டு எண்களை ஆணியில் மாட்டுவேன்.
இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலை:
எங்கே போகிறோம் என்று
சனம் என் கையைத்தான் பார்க்கும்.

அன்றைக்கு ஞானஸ்நானம்.
உக்கு என்று நாலு மாதப் பையன்,
தாலினிலிருந்து ஒரு பேருந்து நிறைய உறவு.
மரியாதைக்கு முதல் மூன்று பெஞ்சு கொடுத்தோம்.
அதுதான் தப்பு.
கல்யாணத்துக்குக்கூடக் கோயில் ஏறாதவர்கள்.
எப்போது எழ, எப்போது உட்கார?
பார்த்துச் செய்ய அவர்களுக்கு முன்னால்
பீடமும் இரண்டு மெழுகுவர்த்தியும்தான்.

ஆக, கழுத்தெல்லாம் பின்னால் திரும்பியது.
கரையில் புறப்பட்டுக் கடலுக்குப் போகும் அலைபோல
கடைசி பெஞ்சில் கிளம்பிய எழுச்சி
முதல் பெஞ்சைத் தொடுவதற்குள்
போதகர் கெர்ஸ்தி "உட்காரலாம்" என்றுவிடுவார்.
ஞானத்தகப்பன் தாவெத், பாவம்,
விசுவாசப் பிரமாணம் முழுவதும்
பாதி உயரத்திலேயே நின்றான்,
இருட்டில் நாற்காலி தேடுகிறவனைப் போல.

ஊர்க்காரர் மட்டும் தெரிந்தா எழுகிறோம்?
எங்களுக்கு ஹில்யாவின் நீலத் தொப்பி.
அது உயர்ந்தால் உயர்வோம்.
ஹில்யாவுக்குக் காது மந்தம்,
அவள் போதகரின் வாயைப் பார்ப்பாள்.
போதகர் ஆர்கன் மைமுவைப் பார்ப்பார்.
மைமு மாடத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து
பழைய லாரிக் கண்ணாடி ஒன்றில்
எங்களைப் பார்ப்பாள்.

பாட்டு 391, குழந்தையை வரவேற்கிற பாட்டு.
நான் சரியாகத்தான் மாட்டினேன்.
யாரோ கதவை அறைந்து சாத்தியதில்
மேலாணி உதிர்ந்துவிட்டது.
ஒன்பது கீழாணியைப் பிடித்துக்கொண்டு
குட்டிக்கரணம் அடித்து ஆறாகத் தொங்கியது.
361:
புயலில் அகப்பட்ட படகோட்டிகளின் பாட்டு.

மைமுவின் தாளில் 391. மெட்டு அவளுடையது,
வார்த்தை பலகையுடையது.
அசைக்கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகிப்போனதே,
வினை அங்கேதான்.
சந்தம் இடறியிருந்தால் நின்றிருப்போம்.
தொட்டில் ஆட்டுகிற மெட்டில்
நூறு பேர் முகம் மலர்ந்து பாடினோம்:
வெள்ளம் என் கழுத்துமட்டும் வந்தது,
அமிழ்ந்துபோகிறேன், சீக்கிரம் கைகொடும்.

இரண்டாம் சரணத்தில் பலருக்கு விளங்கிவிட்டது.
ஒருவரும் நிறுத்தவில்லை,
பக்கத்தில் இருப்பவர் நிறுத்தவில்லையே.
தாலின்காரர்கள்தான் எல்லோரையும்விட உரக்க.
இரண்டு முறை படகு கவிழ்ந்த கல்யோ
இந்தப் பாட்டை
முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே பாடினான்.

அதுவரை வீறிட்ட உக்கு
தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான்,
எங்களைப் பார்த்தான்,
தன் நிலைமையைக் கடைசியில்
யாரோ சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதுபோல
அழுகையை நிறுத்தினான்.

காப்பி வேளையில் தாவெத் என்னிடம் வந்தான்,
ஒரு கையில் புகைபோட்ட மீன்.
"நல்ல தாலாட்டு. எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.
எந்த எண்?"

வாயைத் திறந்தேன்.
எதைச் சொல்வது என்று தெரியாமல்
கண் தானாக நீலத் தொப்பியைத் தேடியது.

அது கேக் மேசைக்கு மேலே குனிந்து
இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தது.
நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.