நான்கு அடிக்கோடுகள்

புளியரை சோதனைச்சாவடியில் எனக்கு இரவுப் பணி.
மாட்டு லாரி வராத நேரங்களில்
மாட்டு லாரிகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினேன்.
அரசாங்கக் கணினியில்
நோட்பேட் ஒன்றுதான் தகராறு செய்யாமல் திறக்கும்.
தடித்த எழுத்து கிடையாது. சாய்வு கிடையாது.
குளித்துவிட்டு வந்த மாதிரி
எல்லாச் சொல்லும் ஒரே உயரம், ஒரே நிறம்.

பக்கம் அமைப்பவள் அம்பிளி.
ஆரியங்காவில், புரோட்டாக் கடைக்கு மேல் மாடி.
தமிழ் பேசுவாள், சண்டையும் போடுவாள்,
படிக்கத் தெரியாது.

"அலங்காரம் செஞ்சு அனுப்பாதீங்க சாரே,
எது என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.
அப்படித்தான் முடிவானது:
வரியின் முன் ஒரு ஹேஷ் வந்தால் அதிகாரம்,
இரண்டு வந்தால் உட்தலைப்பு.
இருபுறமும் ஒற்றை நட்சத்திரம் என்றால் எழுத்து சாயும்,
இரட்டை என்றால் தடிக்கும்.
யாரோ சொன்னதென்றால் முன்னால் ஒரு கூர்க்குறி.

எனக்கு இது புதிதில்லை.
பார்த்து முடித்த லாரியின் விலாவில்
சாக்பீஸால் ஒரு பெருக்கல் போடுவோம்.
உள்ளே எருமையா காளையா என்று அது சொல்லாது,
பார்த்தாயிற்று என்று மட்டும் சொல்லும்.
கோட்டைவாசல் தாண்டினால் மழை.
அடுத்த சாவடிக்குள் அழிந்துவிடும்.
என் நட்சத்திரங்கள் அழியவில்லை.
இரவு இரண்டரைக்கு அனுப்பினால்
காலை பத்துக்குள் பக்கமாகித் திரும்பி வரும்,
பொத்தான் போட்டு, தலை வாரி.

ஆறாம் அதிகாரத்தில்தான் இடித்தது.
ஓணத்துக்கு முந்தைய ஆறு நாள் கணக்கு:
நாளுக்கு நாற்பது லாரி, லாரிக்கு இருபத்தைந்து உருப்படி.
40*25*6 என்று தட்டியிருந்தேன்.
நட்சத்திரம் இரண்டும் மறைந்து
இருபத்தைந்து மட்டும் சாய்ந்துகொண்டு
40256 என்று வந்து நின்றது.
ஆறாயிரம் மாடு
ஒரே இரவில் நாற்பதாயிரம் ஆன கதையைச் சொன்னேன்.
சிரித்து முடிக்க அவளுக்கு ஒரு டீ நேரம் ஆனது.
"நட்சத்திரத்துக்கு முன்னால ஒரு சாய்கோடு போடுங்க.
அப்போ அது வெறும் நட்சத்திரம்."

பன்னிரண்டாம் அதிகாரம் எஸ் வளைவு.
அது நடந்தது கார்த்திகை மாதம்.
கவிழ்ந்த லாரியில் பதினெட்டு மாடு.
பதினெட்டுக்கும் காதில் மஞ்சள் வில்லை,
வில்லையில் பன்னிரண்டு இலக்கம்.
ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருந்தது.
கிளீனர் பையனுக்கு
எந்தத் தாளிலும் பெயர் இல்லை.
விசாரித்து நிரப்பிக்கொள்ளலாம் என்று
தனி வரியில் நான்கு அடிக்கோடு போட்டுவிட்டு
மேலே எழுதிப் போய்விட்டேன்.

மத்தியானம் அழைத்தாள்.
"சாரே, எண்பத்தேழாம் பக்கத்துல
குறுக்கே ஒரு வர வந்நிட்டுண்டு. வேணோ?"

திறந்து பார்த்தேன்.
அடிக்கோடுகள் ஒட்டிக்கொண்டு
இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை
ஒரே கோடாகிக் கிடந்தன.
மேலே மாடுகளின் எண்கள்.
கீழே கிரேன் வந்த நேரம்.

தேனி முதலாளியின் எண்ணை அழுத்தினேன்.
உபயோகத்தில் இல்லை என்றது பெண் குரல்,
தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

அம்பிளி இன்னும் லைனில் இருந்தாள்.
அந்தப் பக்கத்தில் அவளால் படிக்க முடிந்தது
எண்களையும் அந்த ஒரு கோட்டையும்தான்.
"இருக்கட்டும்" என்றேன்.
"எத்ர கனம் வேணும்?"

எடைமேடைப் பக்கத்தில்
பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன்.
அரைப் புள்ளி போதும் என்றேன்.
வெளியே ஹாரன் அடித்தது, போய்
மூன்று லாரிகளுக்குக் குறி போட்டுவிட்டு வந்து
திரும்ப அழைத்து
ஒன்று என்றேன்.