தேய்மானம் நீங்கலாக

ஊபி, நான்காம் மாடி.
கார்கள் ஏறிவர அகலமான சரிவு இருக்கிறது.
மனிதர்களுக்கு ஒரே லிப்ட்,
அதிலும் டயர் வாசனை.

சாம்பல் நிறக் கார்.
எண்பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்.
ஒரே ஓனர், டீச்சர், மெதுவாக ஓட்டியவர்
என்கிறான் டெரிக்.
இந்த மாடியில் நிற்கிற அத்தனை காரையும்
ஏதோ ஒரு டீச்சர்தான் மெதுவாக ஓட்டியிருக்கிறார்.

சிஓஇ இன்னும் மூன்று வருஷம், இரண்டு மாதம்.
சாகும் தேதியைக் கேட்டுவிட்டுத்தான்
விலை பேசுகிறோம் இந்த ஊரில்.
மிச்ச நாளால் வகுத்து,
வருஷத்துக்கு எவ்வளவு வருது என்று
போனில் தட்டிப் பார்த்து.

பரிதி பானட்டைத் திறந்து உள்ளே குனிந்தான்.
என்ஜினைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது
பானட்டைத் திறக்க மட்டும்.
"ம்" என்றான்.
டெரிக்கும் மரியாதையாக "ம்" என்றான்.

பொங்கோலிலிருந்து துவாஸுக்கு
ரயில், பஸ், மறுபடி பஸ்.
கம்பெனி வேனை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது.
விடிகாலை நாலரைக்குக் கதவைச் சாத்தும்போது
நான் எழுந்துவிடக் கூடாதென்று
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவன்.
இந்தக் காருக்கு வேறு காரணம் இல்லை.

கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு தாள் வந்தது.
நீட்டித்த வாரண்டி, இரண்டு வருஷம்,
ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி.
"மன நிம்மதி," என்று
அந்தப் பொருளுக்குப் பெயர் சொன்னான் டெரிக்.

நான் ராபின்சன் சாலையில்
பதினோரு வருஷமாக மறுப்புக் கடிதம் எழுதுகிறவள்.
நாளுக்கு முப்பது தடவை வருந்துகிறோம்.
உண்மையில் வருந்தியது இரண்டு முறை.
ஒன்று, காதுக்கருவியைத் தொலைத்த
ஈசூன் கிழவருக்காக.
மற்றதைச் சொல்வதற்கில்லை.

அதனால் பின்பக்கத்தை முதலில் படித்தேன்.
ரப்பர் சேராது. ஒயர் சேராது.
ஏர்கான் குளிரும்வரை சேரும்.
ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
அவர்கள் பட்டறைக்கே போக வேண்டும்.
ஜொகூர்ப் பாலம் தாண்டினால் செல்லாது.
கடைசி வரி எனக்குப் பழக்கமான வரி,
நானே எழுதியிருக்கக்கூடியது:
இயல்பான தேய்மானம் நீங்கலாக.

நல்ல தமிழில் உத்தரவாதம்.
பிரித்துப் பார்த்தால்
உத்தரம் அவர்களுக்கு,
வாதம் நமக்கு.

இவ்வளவும் தெரிந்தவள்
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.
ஏனென்றால் பரிதி அப்போது
நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான்,
இடதுகாலை ஒருகணம் காற்றில் வைத்து.
போன மாதம் டாக்டர்
அவன் முட்டியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
அதே சொல்லைத்தான் சொன்னார்.
தேய்மானம். வயசுக்கு இயல்பானது.
எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால்
அது சேரும் என்று
எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூடியைத் திரும்ப மாட்டினேன்.
"வேண்டாமா?" என்றான் பரிதி.
"வேண்டாம்."
லிப்டுக்குக் காத்திருந்தபோது
வங்கிச் செயலியில் புதுக் கணக்கு திறந்தேன்.
பெயர் கேட்டது. கியர்பாக்ஸ் என்று அடித்தேன்.
ஆயிரத்து நானூற்று எண்பது.
இதற்கு நிபந்தனை இல்லை,
முட்டிக்கும் எடுக்கலாம்.

சுரங்கச் சாலையில்
பின்சீட்டுப் பக்கம் ஒரு சத்தம்.
டக், டக்.
ரேடியோவை அணைத்தோம்.
ஏர்கானை அணைத்தோம்.
மூச்சையும் கொஞ்சம்.
கருவி பீப் என்று காசு எடுத்துக்கொண்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவனும் ஒன்றும் கேட்கவில்லை;
அந்தப் பதினைந்து நிமிஷம்
ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி பெறும்.

கார்ப்பார்க்கில் டார்ச் அடித்துத் தேடினான்.
சீட்டுக்கடியில் ஒரு ரப்பர் முத்திரை.
ரசீதின் பின்னால் அழுத்திப் பார்த்தான்,
மங்கலாக விழுந்தது: மிக நன்று.

ஆக, டீச்சர் நிஜம்.
டெரிக்கிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் விடிகாலை,
நாலாம் மாடியில் ஜன்னலோரம் நின்றேன்.
கீழே கார் வளைந்து வெளியேறியது.
டக், டக்.