கோட்டம்

முதல் கம்பி உத்தண்டி டோல்கேட்டில் போனது.
இரண்டாவது, அக்கரையில்.
மூன்றாவது எங்கே போனதென்று தெரியாது,
ரிம் கோணிக்கொண்டு
பிரேக் கட்டையில் உரசி உரசி
போரூர் வரை கூடவே வந்தது அந்தச் சத்தம்.

'வெயிட் எவ்ளோ சார்?'
ரத்தன் பஜார் கடையில் ஃபாஸில் அன்று கேட்டபோது
தொண்ணூற்றைந்து என்றிருந்தேன்.
அது என் கல்யாண ஆல்பத்தின் எடை.
நம்பி எடுத்துக் கொடுத்தான்
இருபது கம்பிச் சக்கரம்.
வெயில் தடையில்லாமல் உள்ளே புகுந்து வெளியே போகும்,
அவ்வளவு மெலிசு, அவ்வளவு அழகு.

ஆனால் சக்கரம்
ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை
ஆளை நிறுத்துப் பார்க்கிறது.

கோட்டம் எடுக்க நான்காம் முறை போனபோது
கடையில் மூன்று பையன்கள்,
பாட்டில் ஸ்டாண்டில் இருபது கிராம் குறைக்க வந்தவர்கள்.
'நூற்றுப் பதினெட்டு' என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
யாரும் திரும்பவில்லை.
அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக்கொண்டான் ஃபாஸில்,
டெய்லர் கழுத்தளவு குறிப்பதுபோல.
'பை?'
பையா?
'முதுகுல மாட்டுவீங்கள்ல, லேப்டாப், சோத்து டப்பா.'
நாலு கிலோ இருக்கும்.
அடித்துவிட்டு 122 என்று எழுதினான்.

பின்னால் முப்பத்தாறு கம்பி, முன்னால் முப்பத்திரண்டு.
டயர் இருபத்தெட்டு,
அதற்குமேல் பிரேக்குக்குள் நுழையாது.
'காத்த கல்லு மாதிரி அடிக்காதீங்க,
பின்னால தொண்ணூத்தஞ்சு போதும்.'
அந்த எண்
கடைசியில் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

'ஒண்ணு சார், சக்கரம் அரைக் கிலோ கூடும்,
பரவால்லையா?'
சிரித்துவிட்டேன்.
அதற்குப் பிறகுதான் அந்தப் பையன்களும்.

இரண்டு மணி நேரம்.
தேங்காய் பொறுக்குகிறவன்போல
கம்பி கம்பியாகத் தட்டிக் கேட்டு
சாவியில் கால் சுற்று, அரைச் சுற்று.
பில்லைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.

ஞாயிறு, விடியுமுன்.
விருகம்பாக்கத்தில் மெட்ரோக்காரர்கள் தோண்டிய பள்ளம்,
மேலே ராத்திரி மழை, தெருவிளக்கின் மஞ்சள்,
தரை என்றே நினைத்தேன்.

தொம்.

பல்லெல்லாம் ஆடியது.
இப்போது வரும், அந்த 'டிங்' இப்போது வரும் என்று
காதைப் பின்சக்கரத்தில் வைத்துக்கொண்டே மிதித்தேன்.
பால் வண்டி ஒன்று. ஷட்டர் ஏறும் சத்தம்.
என் மூச்சு, இரைத்துக்கொண்டு.
வேறெதுவும் இல்லை.

கோடம்பாக்கம் பாலம் ஏறும்போதுதான் உறைத்தது,
கடலுக்குப் போக
வடபழனியிலேயே திரும்பியிருக்க வேண்டும்.