இரண்டாம் டிவிஷன், வேலூர்

ஏழு அணிகளோடு தொடங்கியது என்கிறது மினிட்ஸ் நோட்டு.
ஒன்பது, என்று மேசையைத் தட்டுவார்
காட்பாடி ரயில்வே கோல்கீப்பர் அருமைநாதன்:
ரெண்டு டீம் சந்தா கட்டல, அதான் எழுதல.

மேலே போக ஒரே இடம்.
எழுபத்திரண்டில் ஜெயித்தும்
பேர்ணாம்பட்டு தோல்ஷாப் பையன்கள் போகவில்லை.
முதல் டிவிஷனுக்கு பூட்ஸ் கட்டாயம்.
சீமைக்கு ஷூத்தோல் பதனிட்டவர்கள்.

பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஆட்டம் ரத்து
என்றொரு விதி இருந்தது.
யாரும் அதை நீக்கவில்லை,
தேவைப்படவும் இல்லை.

தொண்ணூற்றாறில் மிச்சம் இரண்டே அணி.
எட்டு தடவை மோதினோம்.
எட்டாவதில் அவர்களுக்கு ஆள் குறைய
எங்கள் தஸ்தகீரைக் கடன் கொடுத்தோம்.
அவன் போட்ட கோலில்தான் தோற்றோம்.

பட்டியலில் எங்கள் இடம்: இரண்டு.
கடைசி என்று
நோட்டில் எங்கும் இல்லை.