இருபத்தொன்பது

ஜெயக்கொடி வாயைத் திறந்தால்
காசிமேட்டில், விடியாத மூன்று மணிக்கு,
கூடை கூடையாக மீன் விலையாகும்.
தண்டையார்பேட்டையில் என் நாற்காலியில்
மதியம் அதே வாயைத் திறக்கச் சொல்லி
ஷம்ஷாத் மூன்று தடவை கெஞ்ச வேண்டியிருந்தது.

வலியெல்லாம் இல்லை.
ஐஸ் தண்ணி பட்டா மட்டும், இங்க,
என்று விரலை வைத்தாள்.
விரலில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

கீழ்த்தாடை, வலது, இரண்டாவது கடைவாய்ப்பல்.
பள்ளத்தில் ஒரு பழுப்புக் கோடு.
கோடுதானா, அடியில் குழியா,
என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.
எக்ஸ்ரேயும் ஒன்றும் சொல்லவில்லை.

லேசர் பேனாவை எடுத்தேன்.
இன்னும் பதினொரு தவணை பாக்கி அதற்கு.
பீங்கான் வில்லையில் ஒருமுறை,
அவளுடைய நல்ல பல்லில் ஒருமுறை தொட்டு
சுத்தம் என்றால் என்னவென்று காட்டிக்கொடுத்தேன்.
சிவப்பு வெளிச்சம் உள்ளே போகும்,
கிருமி விட்டுப்போன எச்சம் இருந்தால் அது ஒளிரும்,
திரும்பி வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது,
எண்ணாக வரும், என்றேன்.

"இன்னா டாக்டரம்மா சுத்தி வளைக்கிறே.
செவுள் தூக்கிப் பாக்கப் போறே. அவ்ளோதானே."

அவ்வளவுதான்.

முனை பள்ளத்தில் இறங்கியது.
எட்டு. பன்னிரண்டு.
எண் ஏற ஏறக் கீச்சொலியும் கூர்மையானது.
பத்தொன்பது, இருபத்தாறு, முப்பத்துமூன்று
அவள் கண் திரையை விட்டு அகலவில்லை.
வாய் நிறையப் பஞ்சு,
ஆனாலும் தொண்டைக்குள் எண்கள் ஓடுவதைப் பார்த்தேன்.
நாற்பத்தொன்றில் நின்றது.
கையை விரித்துக் காட்டினாள்:
யாரு எடுத்தா?

யாரும் எடுக்கவில்லை.
வெற்றிலைக் கறையும் ஒளிரும்,
ஒட்டிய காரையும் ஒளிரும்,
கருவிக்கு எல்லாம் ஒரே விலை.
பிரஷ் ஓட்டினேன். கழுவினேன். காற்றடித்தேன்.
வெளியே கன்டெய்னர் லாரி போய் முடிக்கும்வரை
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, காத்திருந்தேன்.
மறுபடி வைத்தேன்.

இருபத்தொன்பது.

முப்பதைத் தாண்டினால் திறந்து பார் என்கிறது கையேடு.
கீழே என்றால் பொறு.
துளைத்து அடைத்தால் ஆயிரத்து ஐநூறு.
தவணைத் தேதி ஐந்து. இன்றைக்கு மூன்று.
பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் என்ன
என்று கை நினைத்தது. கைதான்.

பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.
"ஒண்ணுதான் கொறையுது.
இழுத்துச் சொன்னா முப்பது ஆயிடும்.
நான் பண்ணியிருக்கேன்."

நான் பண்ணவில்லை என்று சொல்லவில்லை.
வார்னிஷ் பூசினேன்.
ராத்திரி வெற்றிலை வேண்டாம்,
மூன்று மாதம் கழித்து வா, மறுபடி அளப்போம்.
"மீன்பிடித் தடைக்காலத்துல வரேன், அப்ப சும்மாதான் கெடப்பேன்."
அதுவரை பல்லுக்கும் தடை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
இருபத்தொன்பதை உள்ளங்கையில்
பால்பாயின்ட்டால் எழுதிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கதவுப் பிடியில்
ஒரு கறுப்புப் பை தொங்கியது.
ஆறு கிழங்கான்.
வீட்டில் குழாயடியில் ஒன்றின் செவுளைத் தூக்கினேன்.
சிவப்புதான்.
எவ்வளவு சிவப்பு இருக்கணும் என்று கேட்கலாம்,
அவள் நம்பர் நோயாளி அட்டையில் இருக்கிறது.
அட்டை கிளினிக்கில்.